எந்த முன்பள்ளி நல்லது? தரம் ஒன்று வகுப்பிலிருந்து சில விடயங்கள்

வருடக் கடைசி நெருங்கினால் எமது பகுதி உம்மாமார், வாப்பாமார் மத்தியில் ஒரே பேச்சுத்தான். பிள்ளைக்கு மூன்று வயது ஆகிவிட்டது, எந்த மொண்டசூரியில் சேர்ப்பது? கப்பல்துறை, சீனக்குடா, வெள்ளைமணல், முள்ளிப்பொத்தானை, கிண்ணியா என்று எங்கு போனாலும் இந்தக் கேள்வி வருகிறது. ஆரம்பப் பிரிவு ஆசிரியர் என்று தெரிந்துவிட்டால் திருமண வீட்டில்கூட விட மாட்டார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால் கேள்வியைத் தொடர்ந்து வரும் உப கேள்விகள்தான் யோசிக்க வைக்கின்றன. "இங்கிலிஷ் மீடியமா? மாதம் எவ்வளவு? வருடக் கடைசிக் கலைவிழா பெரிதாகச் செய்வார்களா? வாசிக்க, எழுதப் பழக்கி அனுப்புவார்களா?" ஆசிரியருக்கு என்ன பயிற்சி, ஓர் ஆசிரியரிடம் எத்தனை பிள்ளைகள், வளவுக்குள் இருக்கும் கிணற்றுக்குக் கட்டு இருக்கிறதா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

முதலில் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் நாட்டில் முன்பள்ளி என்பது அரச பாடசாலையைப் போல ஒரே கூரையின் கீழ் இயங்குவதல்ல. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு முன்பள்ளிகளின் மேற்பார்வை மாகாண சபைகளுக்குப் போனது. கிழக்கில் அதற்கென மாகாண பாலர் பாடசாலைக் கல்விப் பணியகம் இருக்கிறது. இன்னொரு பக்கம் மத்திய அரசின் சிறுவர் செயலகம் 1979இலிருந்து இருந்து வருகிறது. அதன் சார்பில் பிரதேச செயலகங்களில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் கடமையாற்றுகிறார்கள். மலசலகூடம், குடிநீர், சாப்பாடு பற்றிப் பார்க்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இருக்கிறார். பார்க்க வேண்டியவர்கள் இத்தனை பேர் என்றாலும் முன்பள்ளியை நடத்துவது பெரும்பாலும் அரசு அல்ல. பள்ளிவாசல் நிர்வாகம், மாதர் சங்கம், தொண்டு நிறுவனம், பிரதேச சபை, தனியார் என்று ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. ஆகவே பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கும் இரண்டு முன்பள்ளிகள் மலைக்கும் மடுவுக்கும் போல இருக்கலாம். பெயர்ப் பலகையைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பெயர்ப் பலகை என்றதும் 'மொண்டசூரி' என்ற சொல்லைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மரியா மொண்டசோரி இத்தாலிய நாட்டு மருத்துவர். 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில், வேலைக்குப் போகும் தாய் தந்தையரின் பிள்ளைகளுக்காக அவர் தனது முதலாவது சிறுவர் இல்லத்தைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னை அடையாற்றிலும் கொடைக்கானலிலும் தங்கியிருந்தவர் 1944இல் கொழும்புக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வழங்கினார். அவருடைய முறையின் சாரம் இதுதான்: பிள்ளை தன் கையால் தொட்டு, ஊற்றி, அடுக்கி, பொத்தான் போட்டு, தானே தெரிவு செய்த வேலையைத் தன் வேகத்தில் செய்து படிக்கிறது. ஆசிரியர் அதிகம் பேசுவதில்லை, கவனித்துக்கொண்டிருக்கிறார். இப்போது எங்கள் ஊர்களில் மொண்டசூரி என்று எழுதியிருக்கும் சில இடங்களுக்குள் போனால் முப்பது பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்து ஒரே குரலில் 'ஏ ஃபோர் அப்பிள்' சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சொல்லை எழுதி வைக்க யாரிடமும் அனுமதி பெறத் தேவையில்லை என்பதால் யார் வேண்டுமானாலும் எழுதலாம். உண்மையான மொண்டசோரிப் பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள். கேட்டால் சான்றிதழை எடுத்துக் காட்டுவார்கள்.

அடுத்தது எழுத்து. மூன்று வயதுப் பிள்ளை மூன்று கொப்பியோடு வீடு வந்தால் பெற்றோருக்குச் சந்தோசம், கட்டிய காசுக்குப் பலன் கிடைத்தது போல. ஆனால் அந்தப் பிள்ளையின் கையை ஒருமுறை பாருங்கள். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எட்டும் வெறும் குருத்தெலும்பு. மூன்று வயதளவில் இரண்டு மூன்றுதான் எலும்பாக மாறத் தொடங்கியிருக்கும். எட்டும் வந்து சேரப் பத்து வயதளவு ஆகிவிடும். விரல்களின் தசைகளும் அப்படியே. இந்தக் கையால் 'அ'வைப் பக்கம் நிறைய எழுதச் சொன்னால் பிள்ளை பென்சிலை நான்கு விரலாலும் இறுக்கிப் பிடித்து, தோளால் எழுதப் பழகும். அந்தப் பிடியை மாற்றத் தரம் ஒன்றில் எங்களுக்கு ஒரு தவணை போய்விடும். மா பிசைவது, களிமண் உருட்டுவது, மணி கோர்ப்பது, கடுதாசி கிழிப்பது, மணலில் விரலால் கீறுவது, இவைதான் எழுத்துக்கு முந்திய எழுத்து. "விளையாடத்தான் விடுறாங்க, ஒண்டும் படிப்பிக்கிறதில்ல" என்று ஒரு முன்பள்ளியைப் பற்றி யாராவது குறை சொன்னால் அந்த முன்பள்ளியை முதலில் போய்ப் பாருங்கள் என்பேன்.

பெற்றோரின் அவசரத்துக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. எழுதத் தெரியாமல் போனால் தரம் ஒன்றில் பிள்ளை பின்தங்கிவிடும், அப்படியே போய் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலிலும் விழுந்துவிடும் என்ற பயம். பாடத்திட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஜனவரி 31ஆம் திகதி ஐந்து வயது பூர்த்தியான பிள்ளைக்குத் தரம் ஒன்றில் சேரும் தகுதி வந்துவிடுகிறது. அதற்கு எழுத்துப் பரீட்சை எதுவும் கிடையாது. 1990களின் இறுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் ஆரம்பப் பிரிவை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தது. தரம் 1, 2 அடங்கிய முதலாவது நிலையில் விளையாட்டுக்கே முதலிடம், அதற்கடுத்துச் செயற்பாடு, கடைசியில்தான் மேசை வேலை. தரம் ஒன்றின் தொடக்க வாரங்கள் பிள்ளைகளை இனங்காண்பதற்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. விளையாட்டுகள் மூலம் எந்தப் பிள்ளைக்கு என்ன முடியும் என்று ஆசிரியர் குறித்துக்கொள்கிறார். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு இதைப் படிப்பித்தபோது சிலர் சிரித்தோம், தரம் ஒன்றிலும் விளையாட்டா என்று. வகுப்பில் நின்ற பிறகுதான் அந்த ஒழுங்கின் காரணம் விளங்குகிறது.

அப்படியானால் தரம் ஒன்று ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறார்? ஜனவரியில் வரும் பிள்ளை தன் பெயரைச் சொல்ல வேண்டும். மூத்திரம் வந்தால் வெட்கப்படாமல் கேட்க வேண்டும், போய்விட்டுக் கழுவிக்கொண்டு வர வேண்டும். சாப்பாட்டுப் பெட்டியைத் தானே திறக்க வேண்டும். தனது முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடக் கதையை இருந்து கேட்டுவிட்டு, "பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டால் இரண்டு வசனமாவது சொல்ல வேண்டும். இவ்வளவும் செய்கின்ற பிள்ளைக்கு எழுத்துகள் தெரியாவிட்டாலும் ஒரு தவணைக்குள் மற்றவர்களைப் பிடித்துவிடும். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் ஒப்புவித்துக்கொண்டு, பக்கத்துப் பிள்ளை பென்சிலைத் தொட்டால் அடித்துவிடுகின்ற பிள்ளையோடுதான் நாங்கள் கஷ்டப்படுகிறோம்.

இது எமது அனுபவம் மாத்திரமல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாந்தி என்ற ஊரில் 1962இல் பெரி முன்பள்ளி ஆய்வு என்ற ஒன்று ஆரம்பமானது. வறிய கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு முன்பள்ளி வழங்கி, மறு பகுதியினரை அது இல்லாமல் விட்டு, இரு சாராரையும் நாற்பது வயதுவரை பின்தொடர்ந்தார்கள். முன்பள்ளி போனவர்களின் நுண்ணறிவுப் புள்ளிகள் ஆரம்பத்தில் ஏறின. சில வருடங்களில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. முயற்சி வீண் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். ஆனால் வளர்ந்த பிறகு பார்த்தால், முன்பள்ளி போனவர்கள் கூடுதலாகப் பாடசாலைக் கல்வியை முடித்திருந்தார்கள், கூடுதலாக உழைத்தார்கள், பொலிஸ் வழக்குகளில் குறைவாகச் சிக்கினார்கள். நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் இந்தத் தரவுகளை ஆராய்ந்து, நிலைத்து நின்றது புள்ளி அல்ல, பொறுமை, விடாமுயற்சி, பிறரோடு பழகும் திறன் என்பவையே என்று விளக்கினார். அந்த முன்பள்ளியில் ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் இருந்தார். ஆசிரியர் வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய்த் தாயோடு ஒன்றரை மணித்தியாலம் செலவிட்டார். எங்களால் அந்த அளவுக்குச் செய்ய முடியாதுதான். ஆனால் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் உம்மாவோடு இரண்டு நிமிடம் நின்று பேசும் ஆசிரியரா, படலையைப் பூட்டிவிட்டுப் போகும் ஆசிரியரா என்பதை நாம் பார்க்கலாம்.

இங்கிலிஷ் மீடியம் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஆங்கிலம் தேவை, அதில் இரண்டு கருத்தில்லை. திருகோணமலை மூன்று மொழியும் பேசப்படும் மாவட்டம், சிங்களமும் தெரிந்திருந்தால் பிள்ளைக்கு நல்லது. பாட்டாக, விளையாட்டாக, கதையாக இன்னொரு மொழியைக் கேட்பதால் மூன்று வயதுப் பிள்ளைக்கு எந்தக் கெடுதியும் இல்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. ஆங்கிலம் சரளமாக வராத ஆசிரியர், ஆங்கிலம் பேசாத வீட்டுப் பிள்ளையோடு ஆங்கிலத்தில் மட்டும் பேச வேண்டும் என்று நிர்வாகம் கட்டளையிட்டால் அங்கே பேச்சே குறைந்துவிடுகிறது. 'சிட் டவுன்', 'கீப் குவைட்', 'கம் ஹியர்' என்பதோடு உரையாடல் முடிந்துவிடும். "ஏன் வண்ணாத்திப்பூச்சி பூவில இருக்குது?" என்று கேட்க வந்த பிள்ளைக்குக் கேட்க மொழி இல்லை. ஒரு நாளில் ஆசிரியரும் பிள்ளையும் எத்தனை தடவை மாறி மாறிப் பேசுகிறார்கள் என்பதுதான் அளவுகோல். அது தமிழில் நடந்தால் போதும்.

எங்கள் சமூகத்துக்கே உரிய இன்னொரு தேடலும் உண்டு. மார்க்கச் சூழல் வேண்டும் என்பது நியாயமான விருப்பம். பிஸ்மி சொல்லிச் சாப்பிடுவது, ஸலாம் சொல்லுவது, சின்னச் சின்ன துஆக்கள், பாத்திஹாவும் குல் சூராக்களும் காதால் கேட்டுக் கேட்டே பிள்ளைக்கு வந்துவிடும். பிள்ளைகள் ராகத்தோடு கேட்பதை விரும்புகிறார்கள். ஆனால் இஸ்லாமிய முன்பள்ளி என்ற பெயரில் மூன்றரை வயதுப் பிள்ளையை மனனப் போட்டிக்குத் தயார்படுத்துவதும், ஓதாத பிள்ளையை எல்லோர் முன்னிலையிலும் நிற்க வைப்பதும் வேறு விடயம். பேரப்பிள்ளைகள் ஸுஜூதில் முதுகில் ஏறியபோது அவர்கள் இறங்கும்வரை காத்திருந்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாங்கள். முன்பள்ளியில் ஓதல் நடக்கும் நேரத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள், விளங்கும்.

இனி, பெற்றோர் கேட்க வெட்கப்படும் ஒரு கேள்வி: ஆசிரியருக்கு என்ன கொடுக்கிறீர்கள்? முன்பள்ளி ஆசிரியைகள் பெரும்பாலானோர் அரச சேவையில் நிரந்தர நியமனம் உள்ளவர்கள் அல்லர். பெற்றோர் கட்டும் கட்டணமும் சிறு கொடுப்பனவுகளும்தான் அவர்களின் வருமானம். பயிற்சி நெறியைத் தங்கள் காசில் முடித்துவிட்டு, கடையில் கணக்கெழுதும் பிள்ளையை விடக் குறைவாக வாங்கும் ஆசிரியைகளை எனக்குத் தெரியும். அவர்கள் வேறு வேலை கிடைத்ததும் போய்விடுகிறார்கள், குறை சொல்லவும் முடியாது. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு ரீச்சர் மாறுவது சின்ன விடயமல்ல. நம்பிப் பழகிய ஒரு முகம் போய்விடுகிறது. வருடக் கடைசிப் 'பட்டமளிப்பு விழா'வுக்குக் கறுப்பு அங்கியும் தொப்பியும், மேடைக்கும் வீடியோவுக்கும் ஆயிரக்கணக்கில் கட்டும் நாங்கள், மாதக் கட்டணத்தில் இருநூறு ரூபாய் கூட்டினால் சங்கடப்படுகிறோம். ஒரே ஆசிரியை மூன்று நான்கு வருடமாக நிற்கும் முன்பள்ளியைக் கண்டால் மற்றதை விடக் கொஞ்சம் கட்டடம் பழசாக இருந்தாலும் அதைத் தெரிவு செய்யலாம்.

பாதுகாப்பு விடயத்தில் மட்டும் சமரசம் கூடாது. கட்டில்லாத கிணறு, மூடியில்லாத குழி, வீதியோடு திறந்து கிடக்கும் படலை, பிள்ளையின் உயரத்துக்கு எட்டும் மின் செருகி, பெரியவர்களின் அளவில் கட்டிய மலசலகூடம், இவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பிள்ளையை யார் கூட்டிப்போகலாம் என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார்களா, தெரியாத ஒருவர் "மாமா" என்று வந்து நின்றால் கொடுத்துவிடுவார்களா என்று கேளுங்கள். பயணமும் முன்பள்ளியின் ஒரு பகுதிதான். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத நிலையில் மாற்றுவழியாக ஓடிய படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைக்குப் புறப்பட்ட சின்னப் பிள்ளைகளை இழந்த மாவட்டம் இது. அந்த ஜனாஸாக்களை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் இன்றும் ஒரு முச்சக்கர வண்டியில் எட்டுப் பத்துப் பிள்ளைகளை அடைத்து, சாரதியின் மடியருகிலும் ஒன்றை வைத்து ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு கை காட்டி அனுப்புகிறோம். தூரத்தில் உள்ள பேர் பெற்ற முன்பள்ளியை விட, உம்மா நடந்து கூட்டிப்போகக்கூடிய சாதாரண முன்பள்ளி பல வேளைகளில் நல்லது.

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் நிலைமை இன்னும் சிக்கலானது. முன்பள்ளி காலை சில மணித்தியாலங்கள்தான். தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போகும் தாய்க்கு அது போதாது. பகல் பராமரிப்பு நிலையம் என்பது எங்கள் நாட்டுக்குப் புதிதல்ல, மலையகத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாருக்காகப் 'பிள்ளைக் காம்பரா' நீண்ட காலமாக இருக்கிறது. இப்போது அதைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்கிறார்கள், பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். எங்கள் கரையோர ஊர்களில் அப்படியொன்றும் வளரவில்லை, உம்மும்மாவும் சாச்சியும்தான் எங்கள் பகல் பராமரிப்பு நிலையம். வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகப் போகும் தாய்மாரின் விடயத்தில் இது பெரிய சுமை. 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை நடைமுறை ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாயை அனுமதிக்கவில்லை. பொருளாதாரம் வீழ்ந்த 2022இல் அந்த எல்லை இரண்டு வயதுக்குக் குறைக்கப்பட்டது. இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில் உள்ள அந்தப் பிள்ளையை யார் பார்ப்பது என்பதற்குச் சுற்றறிக்கையில் விடை கிடைக்காது. முழங்கால் வலியோடு இருக்கும் உம்மும்மா கையில் போனைக் கொடுத்து உட்கார வைக்கிறார், அவரைக் குறை சொல்வது பாவம். ஆனால் உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி மூன்று நான்கு வயதுப் பிள்ளை நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலமாவது ஓடியாட வேண்டும், திரைக்கு முன் இருக்கும் நேரம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஸகாத் நிதியில் தையல் இயந்திரம் கொடுப்பதைப் போல, மஹல்லாவில் ஒரு நல்ல பகல் பராமரிப்பு நிலையத்தைப் பற்றியும் உலமாக்களோடு கலந்து யோசித்தால் என்ன? இடம் இருக்கிறது, பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் யுவதிகளும் இருக்கிறார்கள்.

பகல் பராமரிப்பு நிலையத்தில் சேர்ப்பவர்கள் அறிவிக்காமல் ஒருநாள் மதியம் போய்ப் பாருங்கள். காலையில் எல்லா இடமும் அழகாகத்தான் இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளைகள் தூங்கும் வேளையில், யார் பக்கத்தில் இருக்கிறார், தொலைக்காட்சி ஓடுகிறதா, அழும் பிள்ளையை யாராவது தூக்குகிறார்களா என்பது அப்போது தெரியும். "பெற்றோர் உள்ளே வரக் கூடாது" என்று எந்த நேரமும் தடுக்கும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

அடி பற்றியும் சொல்ல வேண்டும். "கண்ணையும் உயிரையும் விட்டுட்டு மத்ததை நீங்க எடுங்க ரீச்சர்" என்று வாப்பாமார் இன்றும் சொல்கிறார்கள். 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், ஆசிரியர் காதில் அறைந்ததால் கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் வழக்கில், உடல் ரீதியான தண்டனை அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரையை மீறுவது என்று தீர்ப்பளித்தது. பாடசாலை மாணவனுக்கே இந்த நிலை என்றால் மூன்று வயதுக் குழந்தையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பிள்ளைக்கு ஏதும் தீங்கு நடப்பதாகச் சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஊர் மானம் போகும் என்று மறைப்பதால் பாதுகாக்கப்படுவது பிள்ளை அல்ல.

சில பிள்ளைகளுக்குப் பேச்சுப் பிந்தி வரும், சிலர் கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள். இப்படிப்பட்ட பிள்ளையை "அடுத்த வருடம் கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பும் முன்பள்ளிகள் உண்டு. அப்படி ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, தரம் ஒன்றில்தான் காது கேட்கவில்லை என்று தெரிய வந்த பிள்ளையும் உண்டு. கிளினிக் அட்டையின் பின்பக்கங்களில் எந்த வயதில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நிறை குறித்த பக்கத்தோடு அதையும் வாசித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் கேளுங்கள். அந்தப் பிள்ளையை ஏற்று, கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கிறோம் என்று சொல்லும் ஆசிரியை உங்கள் மற்றப் பிள்ளைகளுக்கும் நல்ல ஆசிரியைதான்.

சேர்த்த பிறகு முதல் இரண்டு மூன்று வாரம் பிள்ளை அழும், அது இயல்பு. விட்டுவிட்டு ஒளிந்து ஓடாமல், "லுஹருக்கு முன்னம் வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போய், சொன்ன நேரத்தில் வந்து நில்லுங்கள். வீட்டில் "இண்டைக்கு என்ன எழுதின?" என்று கேட்காமல் "யாரோட விளையாடின?" என்று கேளுங்கள். மூன்றாவது மாதத்திலும் காலையில் வயிற்று வலி என்றால், படுக்கையை நனைக்கத் தொடங்கினால், ரீச்சரின் பெயரைச் சொன்னதும் முகம் மாறினால், முன்பள்ளியில் போய் ஒரு முழுக் காலை உட்கார்ந்திருந்து பாருங்கள். காரணம் அங்கே தெரியாவிட்டால், முச்சக்கர வண்டிக்காரரிடமிருந்து விசாரிக்கத் தொடங்குங்கள்.